கிரீஸில் கை நனைக்காதவர்

ஏதென்ஸில், அக்ரோபொலிஸ் மலையடிவாரத்தில், காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, என் கணவர் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரை வேண்டாம் என்றார். நீட்டியவன் எங்கள் பேருந்தின் வழிகாட்டிப் பையன். ஒட்டடைக்கம்பு உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, கழுத்தில் அடையாள அட்டை. "தண்ணி குடிங்க" என்று தமிழில்தான் சொன்னான். இவர் ஆங்கிலத்தில் "நோ, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு, வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே வானத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டிலை வாங்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் நின்றார்கள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். காரைக்காலில் எல்லோரிடமும் கிரீஸுக்குச் சுற்றுலா போகிறோம், பழைய கோயில்களையெல்லாம் ஒரு வழிகாட்டி கூட வந்து காட்டுவார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். எதிர்வீட்டம்மா விடவில்லை. "தோ இருக்குற திருநள்ளாத்துக்கு உங்க வூட்டுக்காரரு வருசத்துக்கு ஒரு தடவ போவ மாட்டாரு. இடிஞ்ச கோயில பாக்க ஏரோப்ளேன் ஏறிப் போறீங்களாக்கும்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். நாங்கள் பார்க்க வந்தது இடிந்த கோயிலை இல்லை, அதைக் காட்டுகிற வழிகாட்டியை. அவன்தான் எங்கள் ஒரே பெண் கட்டிக்கொள்ள விரும்புகிற பையன்.

என் பெண் காரைக்காலில் பிரெஞ்சு படித்தவள். மேல்படிப்புக்கு பிரான்சுக்குப் போய் அங்கேயே வேலையிலும் அமர்ந்தாள். இவன் அங்கே தொல்லியல் படிக்க வந்தவன். படிப்பு முடிந்ததும் சொந்த நாடான கிரீஸுக்குத் திரும்பி வழிகாட்டி ஆகிவிட்டான். சேதியை எங்களிடம் அவள் வீடியோ காலில் சொன்னபோது, மின்துறையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "பாப்போம்." முப்பது வருஷமாக நானும் பார்க்கிறேன், அவருடைய 'பாப்போம்' என்பதற்கு என்ன பொருள் என்று அவருக்கே தெரியாது. அவர் சரி என்று சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று என் பெண்ணும் சொல்லிவிட்டாள். அதனால்தான் அவளே இந்த ஏற்பாட்டைச் செய்தாள். அவன் வழிகாட்டுகிற பேருந்தில் நாங்களும் ஏறிக்கொள்வது, அவனை நாலு இடத்தில் வைத்துப் பார்ப்பது, கடைசி நாள் அவன் அம்மா வீட்டுக்குப் போவது. அவளும் பிரான்சிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிறவரை கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஒரு வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் பிறந்த சுரக்குடியில் காப்பி, பலகாரம் வரை பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். இவருக்கு விழிதியூர். இவர் வீட்டில் தண்ணீரும் சேர்த்தி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமனாருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. சொம்புத் தண்ணீர் எதிரிலேயே இருக்க, பேச்சு முடிகிறவரை விக்கிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். அந்த வம்சம் இது.

"இது என்னா அவன் வீடா? பஸ் கம்பெனி தண்ணி. நாம டிக்கெட் எடுத்திருக்கோம்" என்றேன்.

"கம்பெனி தண்ணிதான். குடுக்குறது அவன் கை."

"அப்ப அவன் கையால டிக்கெட்டு குடுத்தானே, அத மட்டும் வாங்குனீங்க?"

"டிக்கெட்ட யாரும் திங்கறதில்ல" என்றார். இந்த மனிதரோடு எங்கே வாதாடுவது? பையன் கொடுத்த பாட்டிலை நான் வாங்கி அவர் கண் முன்னாலேயே மடமடவென்று பாதி குடித்தேன்.

அவராகக் கடையில் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அதிலும் மண் விழுந்தது. இவர் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பினாலே பையன் ஓடிப்போய்த் தானே காசைக் கொடுத்துவிடுவான். அவர்கள் ஊரில் விருந்தாளியைக் காசெடுக்க விடுவது அவமானமாம். கடைசியில் அவன் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, திருடன் மாதிரி பதுங்கிப் போய் வாங்கிக் குடித்துவிட்டு வருவார். பாவம், பல இடங்களில் சரித்திரம் முழுவதையும் தவறவிட்டார்.

மலையேறிப் போனால் அந்தப் பெரிய கோயில். தூண்கள் நிற்கின்றன, கூரை இல்லை. தரையெல்லாம் பளிங்கு, காலங்காலமாகத் தேய்ந்து வழுக்குகிறது. ஒரு கல்லில் சாய்ந்தால் போதும், எங்கிருந்தோ காவலாளி விசில் ஊதிவிடுகிறார். பக்கத்தில் இன்னொரு கோயிலில் ஆறு கற்சிலைப் பெண்கள் தலையில் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். பையன் அவர்களைப் பற்றி அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். "பொம்பள தலையிலதான் வீடு நிக்கிதுன்னு அப்பவே தெரிஞ்சு வச்சிருக்காங்க" என்றேன். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். கும்பாபிஷேகம் நடந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நான் கேட்டதை என் பெண் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

இவர் கேட்ட கேள்வி வேறு. "இவ்வளவு ஒசரத்துல கட்டடம். இடிதாங்கி எங்க? எர்த்து எப்புடி குடுத்திருக்கீங்க?" பேருந்துக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. பையன் திகைத்தான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றான். மறுநாள் காலை பேருந்தில் ஏறியதும் முதல் வேலையாக இவரிடம் வந்து, யாரிடமோ கேட்டுக் காகிதத்தில் படம் போட்டு வாங்கி வந்ததைக் காட்டினான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்றான். கேட்டுட்டு வந்தும் சொல்றான்" என்று என்னிடம் முணுமுணுத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

"அப்ப தண்ணி குடிக்க வேண்டியதுதான?" என்றேன்.

"பாப்போம்."

அன்றைக்கு டெல்ஃபி. மலைச்சரிவில் ஒரு பழைய கோயில், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் மரங்கள். அந்தக் காலத்தில் ராஜாக்கள்கூட வரிசையில் நின்று குறி கேட்ட இடமாம். சாமி வந்து ஆடும் பெண் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பதில் சொல்வாளாம். சண்டைக்குப் போகலாமா, பிள்ளை பிறக்குமா, கல்யாணம் கூடுமா, எல்லாம் கேட்பார்களாம். நான் சும்மா இருப்பேனா? கூட்டம் நகர்ந்ததும் பின்தங்கி நின்று, 'தாயே, இந்த ஆளு எப்ப வாயத் தொறப்பாரு' என்று மனசுக்குள் கேட்டேன். அந்த நேரம் பார்த்து இவர் வாயைத் திறந்தார். விழிதியூரில் இருக்கும் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "வாய்க்கால்ல தண்ணி வந்துச்சாடா? நெடுங்காடு வரைக்குமா? அப்ப நமக்கு எப்ப வரும்?"

மதியம் மலையோர ஓட்டலில் சாப்பாடு. பையன் தானே ஒவ்வொருவருக்கும் பரிமாறினான். ஊரில் பந்தியில் நிற்கிற பெண் வீட்டுக்காரன் தோற்றான். இவரிடம் வந்து குனிந்து, "சாப்டீங்களா?" என்றான். தமிழில் அவனுக்கு நன்றாக வந்த வாக்கியம் அதுதான். பேருந்தில் ஏறினால் கேட்பான், இறங்கினால் கேட்பான். இவர் தப்பிக்க வழி தெரியாமல், "ஃபாஸ்டிங்" என்று சொல்லிவிட்டார். விரதமாம். பையன் நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தான். அதோடு விட்டானா? அடுத்த நாள் போன ஓட்டலில் இவர் முன்னால் தட்டு வைக்கக் கூடாது, வாசனை படுகிற இடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று சமையற்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டான். இவரைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். நான் சுட்ட மீனை முள் எடுத்துச் சாப்பிடுவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மீனில் மிளகாய்த்தூள் இல்லை, ஆனாலும் நல்ல மீன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் அறைக்கு வந்ததும் நான் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டு உட்காருவார். "தங்கமான பையன்டி" என்பார் வாய் நிறைய முறுக்கோடு. "அந்த ஆஸ்திரேலியாக் கெழவிய எப்புடிக் கையப் புடிச்சு எறக்குனான் பாத்தியா?" பார்த்தேன், பார்த்தேன். பிறகு என்னதான் தடை என்று கேட்டால் டப்பாவை மூடிவிட்டுப் படுத்துவிடுவார்.

எபிடாரஸ் என்ற இடத்தில்தான் அது வெளியே வந்தது. மலையை அரைவட்டமாகக் குடைந்து கட்டிய திறந்தவெளி நாடக அரங்கம். கல்படிகள் மேலே மேலே போகின்றன. நட்டநடுவில் ஒரு வட்டக் கல். எல்லோரையும் உச்சிப் படிக்கு ஏறச் சொல்லிவிட்டுப் பையன் அந்தக் கல்லில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தான். கிழிகிற சத்தம் மேலே காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. இவர் ஸ்பீக்கரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று படிக்கு அடியில் தேடினார்.

பிறகு கூட்டம் கலைந்தது. இவர் முட்டி வலிக்கிறது என்று மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் என் பெண்ணும் கீழே இறங்கி வந்தோம். நடுவில் நின்று அவள் கேட்டாள்: "அப்பா என்னாம்மா சொல்றாங்க?"

எனக்கு அத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. "என்னா சொல்றாரு? ரூம்ல முறுக்கத் தின்னுகிட்டு தங்கமான பையங்குறாரு. வெளிய வந்தா மூஞ்சத் தூக்கி வச்சுக்குறாரு. அவங்கப்பா விக்கிகிட்டு உக்காந்திருந்தாருல்ல, இவரு அதவிட ஒரு படி மேல போவணும். அந்தப் புள்ள நாய் மாதிரி பின்னாலயே தண்ணியத் தூக்கிகிட்டு அலையுது. பாக்கவே எனக்கு வயிறு எரியிது."

"திட்டாதம்மா. அப்பாவுக்குப் புடிக்கலன்னா நான் இவன்கிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்" என்றாள் அவள். "ஆனா வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதீங்க. அது மட்டும் என்னால முடியாது." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மேலே யாரோ கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். படிகளில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத சுற்றுலாக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏதோ நாடகம் போடுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உச்சிப் படியில் என் கணவர் எழுந்து நின்றிருந்தார். நாங்கள் நின்ற இடம் அந்த வட்டக் கல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "கேட்டுச்சு. முறுக்கு வரைக்கும் கேட்டுச்சு" என்றார். பிறகு பெண்ணைக் கையைப் பிடித்து அடிப்படியில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு அவன் நெறம் எதுன்னாலும் ஒண்ணுதான், சாமி எதுன்னாலும் ஒண்ணுதான்மா. சொந்தக்காரன் நாலு பேசுவான், பேசிட்டுப் போறான். ஒரு ஆத்திர அவசரம்னா? ராத்திரி உனக்குக் காய்ச்சல் அடிக்கிதுன்னா நான் பைக்க எடுத்துகிட்டு வந்து நிக்க முடியுமா? கும்பகோணத்துல குடுத்திருந்தா வருவேன். மெட்ராஸ்ல குடுத்திருந்தாகூட வருவேன். இங்க எப்புடிம்மா வருவேன்?" என்றார்.   அவள் அவருடைய முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

கடைசி நாள் அவன் அம்மா வீட்டுக்குப் போனோம். ஊர் முழுக்க ஆரஞ்சுத் தோட்டம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் காலமாகிவிட்டார், இவன் ஒரே பிள்ளை, தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். கையைப் பிடித்தபோது நாற்று நட்ட கை மாதிரி காய்த்திருந்தது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இவர் வாசலிலேயே மோட்டார் கொட்டகையைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டு, த்ரீ ஃபேஸ் லைன் என்று திருப்தியோடு வெளியே வந்தார்.

மேஜையில் தக்காளிக்குள் சோற்றை அடைத்துச் சுட்டு வைத்திருந்தார்கள். பருப்பு, ரொட்டி, மீன் எல்லாம் இருந்தன. எங்களை உட்கார வைத்து அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பரிமாறினார். இவர் தட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா உட்காரவே இல்லை. எங்களைப் போல விருந்தாளி சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற பழக்கம் என்று நினைத்தேன். "அவங்களையும் உக்காரச் சொல்லு" என்றேன் பெண்ணிடம். அவள் பிரெஞ்சில் பையனிடம் சொல்ல, அவன் கிரேக்கத்தில் அம்மாவிடம் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. வந்ததும் என் பெண் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா... அவங்களும் கை நனைக்க மாட்டாங்களாம்."

"என்னாது?"

நம் வழக்கத்தை அவள் பையனிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். நல்ல வழக்கமாக இருக்கிறதே, நானும் யோசித்து முடிக்கிறவரை அவர்களோடு சாப்பிட மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு இவர்கள் யார்? படிப்பில் குறையா, அழகில் குறையா? நாங்கள்தான் யோசிக்க வந்தவர்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இந்தப் பையனுக்கு முன்னாலயே தெரியுமா? தெரிஞ்சா தெனம் தண்ணி நீட்டுனான்?"

"தெரியும்ப்பா. ஒவ்வொரு தடவையும் சம்மதமான்னு உங்களக் கேட்டுகிட்டேதான் இருந்தான்."

"விரதம்னு சொன்னப்ப?"

"பொய்யின்னு தெரியும். நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான் தட்டே வைக்க வேணாம்னான்."

இவர் பையனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "நான் தெனம் வேணாம் வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன்" என்றார் இவர், யாரிடம் என்று இல்லாமல். பிறகு பெண்ணிடம், "அந்தம்மாவுக்கு என்னா யோசனைன்னு கேளு. நம்ம புள்ளகிட்ட என்னா கொறைன்னு கேளு" என்றார்.

கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் பருப்பு ஆறிவிட்டது. பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, பார்த்த அன்றே பிடித்துவிட்டது. ஆனால் கல்யாணம் ஆனால் இவனும் பிரான்சுக்குப் போய்விடுவான், அல்லது உங்கள் ஊருக்கு வந்துவிடுவான். ராத்திரி எனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் வருவார்கள்? அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெளியே மரங்கள்தான் நின்றன.

இவர் தட்டின் பக்கத்திலிருந்து கைகளை எடுத்தார். பிறகு எழுந்து நின்று, மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் தன்னுடைய ஆஃபீஸ் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தார். "மேடம். சேம் ப்ராப்ளம். மீ ஆல்சோ. நோ ஆன்ஸர்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மை டாட்டர், குட் கேர்ள். லிட்டில் ஆங்க்ரி. லைக் மதர்." என்னைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர்க் குடுவையை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார். "ப்ளீஸ்" என்றார்.

எங்கள் வீட்டு ஆண் ஒருவர் பெண்ணுக்காக இன்னொருவரிடம் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, பாதியை இவர் தட்டில் வைத்தார். மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். இவர் முந்தட்டும் என்று அவர், அவர் முந்தட்டும் என்று இவர். பொறுக்க முடியாமல் நான், "ரெண்டு பேரும் சேந்து தின்னுங்களேன், ஆறிப்போவுது" என்று ஒரு அதட்டல் போட்டேன். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

பையன் அழுதுவிட்டான். என் பெண் சிரித்தாள். பையன் ஊற்றிய தண்ணீரை இவர் ஒரே மூச்சில் குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டார். தக்காளியைப் பிட்டு, சோறு நல்லா வெந்திருக்கு என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். மீனைச் சாப்பிட்டார். அந்த அம்மா அவருக்கு வைக்க, அவர் அந்த அம்மாவுக்கு வைக்க, இருவரும் பாஷையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் இரண்டாவது தக்காளியை எடுத்தபோது என் கை என் தட்டுக்குப் போகவில்லை. சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று ஏதென்ஸிலிருந்து அவர் உயிரை வாங்கியவள் நான். இப்போது அவர் ஒவ்வொரு வாயாக எடுத்து வைக்க வைக்க, என் பெண் எங்களை விட்டுத் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தாள். போதும், எழுந்திருங்கள் என்று அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த அம்மா என் தட்டைக் காட்டி ஏதோ கேட்டார். அதில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"எனக்கு இப்ப பசிக்கலன்னு சொல்லு" என்றேன் பெண்ணிடம். அவள் அதை யாருக்கும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.